பின்பக்கத்து மார்க்

ஆம்பூர்
18 ஜனவரி 2025

அன்புள்ள கிறிஸ்டினாவுக்கு,

எபிநேசர் தம்பியை நான் வீட்டை விட்டு அனுப்பவில்லை. இதை எழுதாமல் வேறு எதையும் எழுத என் பேனா மறுத்ததால் நலம் விசாரிப்பது இரண்டாவதாகிவிட்டது. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நிஷாவும் மருமகன் ராஜேஷும் சுகமா? நான் சுகம்.

குடும்பத்து வாட்ஸ்அப் குழுவிலிருந்து நான் விலகிவிட்டாலும் அதில் எழுதப்படுவது எப்படியோ என் காதுக்கு வந்துவிடுகிறது. "மெர்சி அண்ணி எபியைப் பெட்டியோட தெருவுல நிறுத்திட்டாங்க" என்று நீ எழுதினாயாம். அதற்குக் கீழே வரிசையாக அழும் முகங்களாம். நடந்தது இதுதான். போகியன்று காலையில் உன் தம்பி தன் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு மாடியிலிருந்து இறங்கினார். நான் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். "வர்றேன் அண்ணி" என்றார். "சரி" என்றேன். தெருவில் நின்றது ஆட்டோ மட்டும்தான்.

மீன் குழம்பில் உப்பு ஜாஸ்தி என்று அவர் சொன்னதால் வந்த சண்டை என்றும் ஒரு கதை உலவுகிறது. என் குழம்பைப் பற்றி அவர் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். அதற்காக அனுப்புவதென்றால் உன் அண்ணன் இருந்தபோதே அனுப்பியிருப்பேன்.

இதனுடன் ஒரு பார்சல் வருகிறது. அவருடைய கண் சொட்டு மருந்தும் மப்ளரும் அதில் இருக்கின்றன. மறந்துவிட்டுப் போனவை. பாகாயத்தில் இன்னும் சில வாரம் காலைப்பனி இருக்கும்.

மாடி அறை காலியாகக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, ஷூ கம்பெனி டிசைன் பிரிவில் வேலை பார்க்கும் கலையரசி என்ற பெண் அவளுக்கும் அவள் கணவன் விஷ்ணுவுக்குமாக வாடகைக்குக் கேட்கிறாள். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.

போனில் பேசியிருக்கலாமே என்பாய். நான் பாதி சொல்லி முடிப்பதற்குள் நீ மீதியை வேறு யாருக்காவது சொல்லத் தொடங்கியிருப்பாய். அதனால்தான் கடிதம்.

தேவ சமாதானம் உன் வீட்டில் தங்கட்டும்.

மெர்சி


பாகாயம்
3 பிப்ரவரி 2025

அன்பான மெர்சி அண்ணிக்கு, கிறிஸ்டினாவின் ஸ்தோத்திரம்.

அண்ணனை அடக்கம் செய்த நாளுக்குப் பிறகு இப்போதுதான் உங்களிடமிருந்து ஒரு வார்த்தை வந்திருக்கிறது. கையெழுத்து அன்றைக்குப் போலவே அச்சடித்த மாதிரி இருக்கிறது. கோபமும்தான். முழங்கால் அப்படியே இருக்கிறது, கேட்டதற்கு நன்றி.

ஒரு மனுஷன் பெட்டியோடு வந்து "வர்றேன்" என்றால் "எங்க போறீங்க, எப்ப வருவீங்க" என்று கேட்பது வழக்கம். "சரி" என்றீர்களாம். நீங்கள் நிறுத்தவில்லை என்றே வைத்துக்கொள்கிறேன். தடுக்கவும் இல்லையே?

எபி இங்கே இருக்கிறான். நாற்பது வருஷம் தோல் பதனிடும் ஷாப்பில் ஷேட் பார்த்தவன். ஃபினிஷிங் முடிந்து வரும் தோலை மாதிரித் துண்டோடு சேர்த்துப் பிடித்து, வடக்கு வெளிச்சத்தில் நிறம் ஒத்துப்போகிறதா என்று சொல்வதுதான் வேலை. அவன் ரிடையர் ஆகிவிட்டான், அவன் கண் இன்னும் ஆகவில்லை. டீக்கென்று ஒரு பழுப்புத் தோல் துண்டு சட்டைப் பையில் வைத்திருக்கிறான் என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் ஃப்ளாட்டில் வடக்குப் பார்த்த ஜன்னலே கிடையாது. அதனால் காலையில் டம்ளரை ஏந்திக்கொண்டு மாடிப்படி இறங்கித் தெருவுக்குப் போகிறான். வானத்தைப் பார்க்கிறான், டீயைப் பார்க்கிறான், துண்டைப் பார்க்கிறான். வாட்ச்மேன் காசிநாதன் கேட்கிறார், "இன்னா சார், டீல ஈ வுழுந்துச்சா?" இவன் சொல்கிறான், "இல்லப்பா, ஷேட் கம்மி." அக்கம்பக்கத்து ஜன்னலெல்லாம் திறந்துகொள்கிறது.

எதைக் கண்டாலும் தரம் பார்த்து மார்க் போடுவதும் நிற்கவில்லை. நாற்காலியின் பின்னால், ஃப்ரிட்ஜுக்குப் பின்னால், எல்லாம் நீல சாக்பீஸ். போன ஞாயிறு ஆலயத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் என் முந்தானையின் உள்பக்கத்தைப் பார்த்துவிட்டு "இது இன்னா மூணுன்னு போட்ருக்கு?" என்றார். மூன்றாம் தரம் உடுத்திக்கொண்டு நற்கருணை எடுத்திருக்கிறேன்!

என்ன நடந்தது என்று கேட்டால் மட்டும் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறான். நீங்களாவது எழுதுங்கள். மாடி அறையை அவசரப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள்.

கர்த்தர் உங்களுக்கு நல்ல தூக்கத்தைத் தரட்டும்.

கிறிஸ்டினா


ஆம்பூர்
11 பிப்ரவரி 2025

அன்புள்ள கிறிஸ்டினாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுப்பதாக நீ எழுதவில்லை. கொடுக்கவும்.

டீ விஷயம். நீ பாலை முதலில் ஊற்றுகிறாய் என்று நினைக்கிறேன். தூள் நன்றாகக் கொதித்த பிறகு பால், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. நிறம் சேர்ந்தால் தெருவுக்கு இறங்க மாட்டார். காலை வெறும் வயிற்றில் மாத்திரை போடுகிறாரா என்று பார். போட்டேன் என்பார். அட்டையைப் பார்.

முந்தானையில் இருந்தது சாக்பீஸ்தானே, தட்டினால் போய்விடும். தோல் ஷாப்பில் தரத்தைத் தோலின் பின்பக்கத்தில்தான் எழுதுவார்கள். முகப்பில் எழுதினால் தோல் கெட்டுப்போகும். உன் தம்பியும் இன்றுவரை எதன் முகப்பிலும் எழுதியதில்லை. அவரைப் பற்றிக் குழுவில் எழுதும்போது இதையும் சேர்த்து எழுதலாம்.

ஏன் தடுக்கவில்லை என்று கேட்டிருக்கிறாய். தடுக்கும் வயதா அவருக்கு? நான் அனுப்பாத ஒருவரை நான் எப்படித் திரும்ப அழைப்பது? அழைத்தால் அனுப்பியதாக ஆகிவிடும். தானாகப் போனவர் தானாக வரலாம். என் வீட்டு வாசலுக்குப் பகலில் பூட்டுப் போடும் வழக்கம் இல்லை.

கலையரசி வந்து மாடி அறையைப் பார்த்தாள். நல்ல பெண், படித்தவள், செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். வடக்கு ஜன்னலைக் காட்டி, "இதை அடைச்சிட்டு ஏசி வச்சிக்கலாமா ஆன்ட்டி?" என்று கேட்டாள். இன்னும் யோசிக்க வேண்டியிருக்கிறது என்று சொல்லி அனுப்பினேன்.

என்ன நடந்தது என்றும் கேட்டிருக்கிறாய். எழுதும்படியாக ஒன்றும் நடக்கவில்லை.

உன் வீட்டார் எல்லாரும் சுகமாயிருக்க வேண்டுகிறேன்.

மெர்சி


பாகாயம்
16 மார்ச் 2025

அன்பான அண்ணிக்கு ஸ்தோத்திரம்.

பதில் போடத் தாமதமாகிவிட்டது. வீட்டில் பெரிய பேஜார்.

ராஜேஷ் புதுக் கார் வாங்கினார். சிவப்பு. ஜெபம் பண்ணி, மாலை போட்டு, லட்டு கொடுத்து முடிந்த அன்றே எபி அதைக் காலை வெளிச்சத்தில் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். பிறகு வண்டியின் பின்னால் நீல சாக்பீஸால் ஒரு ஆங்கில 'ஆர்' போட்டான். ரிஜெக்ட்! "பின்னாடி பம்பர் ஷேட் வேற மருமகனே, எங்கயோ இடிச்ச வண்டிய பெயின்ட் அடிச்சி உங்க தலைல கட்டிட்டான்" என்றான். ராஜேஷ் நம்பி, ஷோரூமுக்குப் போய்க் கத்திவிட்டு வந்திருக்கிறார். அவர்கள் அதே மாதிரி இன்னும் இரண்டு வண்டியை வெயிலில் நிறுத்திக் காட்டினார்களாம். எல்லா வண்டியிலும் அப்படித்தான். பம்பர் பிளாஸ்டிக், உடம்பு தகரம், பெயின்ட் கொஞ்சம் மாறித்தான் தெரியுமாம். மாப்பிள்ளை மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். வந்து எபியிடம் சொன்னால் இவன் என்ன சொல்ல வேண்டும்? "அப்ப அந்த ரெண்டும் ரிஜெக்ட்தான்" என்றான்.

அன்றிலிருந்து ராஜேஷ் எபியோடு ஒரே மேஜையில் சாப்பிடுவதில்லை. "உங்க தம்பிக்கு வேற இடம் பாக்கலாம் அத்தை" என்று மெதுவாகத்தான் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. நிஷா இரண்டு பக்கமும் பேசிப் பேசி அழுகிறாள்.

அண்ணி, உங்களை ஒன்று கேட்கிறேன். இவனோடு இத்தனை வருஷம் ஒரே வீட்டில் எப்படி இருந்தீர்கள்? எனக்கு இரண்டு மாதத்திலேயே தலை சுற்றுகிறது. உங்களைப் பற்றிக் குழுவில் எழுதியதை அழித்துவிட்டேன்.

அவனை மறுபடியும் கேட்டேன். "அண்ணிகிட்ட இன்னாடா சண்டை?" என்றேன். "சண்டை இல்லக்கா. டீ வந்துச்சு, பேச்சு வரல" என்றான். எழுதும்படியாக ஒன்றும் நடக்கவில்லை என்கிறீர்கள். பேச்சு நிற்கும்படியாக என்ன நடந்தது?

லெந்து தவநாட்கள் உங்களுக்கு ஆசீர்வாதமாக இருக்கட்டும்.

கிறிஸ்டினா


ஆம்பூர்
24 மார்ச் 2025

அன்புள்ள கிறிஸ்டினாவுக்கு,

சுகம். நீயும் சுகமென நம்புகிறேன். குழுவில் எழுதியதை அழித்ததை அறிந்தேன்.

கேட்டாய். எழுதுகிறேன்.

கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வெள்ளையடித்தபோது கூடத்தில் இருக்கும் உன் அண்ணனின் படத்தை நானே கழற்றினேன். பின்பக்கத்தில் நீல சாக்பீஸால் 'ஆர்' என்று எழுதியிருந்தது. பெரிதாக, அழுத்தி.

ஷாப்பில் தோலைத் தரம் பிரிக்கும் செலெக்‌ஷன் மேஜையின் தலைவராக இருந்தவரின் மனைவி நான். அந்த எழுத்துக்கு என்ன பொருள் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். உன் தம்பி ஷேட் பார்த்து அனுப்பிய தோல் லாட்டுகளை உன் அண்ணன், தம்பி என்றும் பாராமல், திருப்பி அனுப்பியிருக்கிறார். அதற்கெல்லாம் அவர் இறந்த பிறகு, அவர் படத்தின் மேலா பதில்?

நான் கத்தவில்லை. கேட்கவும் இல்லை. துடைக்காமல் அப்படியே மாட்டிவிட்டேன். அதன் பிறகு உன் தம்பியின் டீயை மாடிப்படியில் வைத்துவிட்டு இறங்கிவிடுவேன். அவ்வளவுதான் நடந்தது.

இதைக் குழுவில் எழுத வேண்டாம்.

மெர்சி


பாகாயம்
22 ஏப்ரல் 2025

அன்பான அண்ணிக்கு, உயிர்த்தெழுந்தவரின் நாமத்தில் வாழ்த்துகள்.

உங்கள் கடிதத்தைப் படித்தேன். உடனே கேட்டால் அவனைத் திட்டிவிடுவேன் என்று ஈஸ்டர் முடியட்டும் என்றிருந்தேன். நேற்றுதான் கேட்டேன். அவன் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் எழுதுகிறேன்.

"அண்ணன் படத்துல ஏன்டா ரிஜெக்ட் போட்டே?"

"அது அண்ணன் படமா அக்கா? யாரோ வெள்ளக்கார பாஸ்டர் மாதிரி இருக்கு. ஷேட் சுத்தமா சேரல."

"அதை அண்ணிகிட்ட சொல்லக் கூடாதா?"

"அவங்க தெனம் அது முன்னாடி உக்காந்து ஜெபம் பண்றாங்க. எப்படிச் சொல்றது? சொல்லாம இருக்கவும் முடியல. அதான் பின்னாடி போட்டேன்."

நான் அழுதுவிட்டேன். சிரிப்பும் வந்தது. அண்ணி, அவன் அண்ணனை ரிஜெக்ட் பண்ணவில்லை. ஸ்டூடியோக்காரனைத்தான் பண்ணியிருக்கிறான்.

இப்போது என் பங்கு. அடக்கத்தன்று பெட்டிக்கு முன்னால் அந்தப் படத்தைப் பார்த்து, "இது எங்க அண்ணன் மாதிரியே இல்லையே" என்று நான் சத்தமாகச் சொன்னேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அன்றைக்கு நிறுத்திய பேச்சைத்தானே நீங்கள் ஒரு வருஷத்துக்கு மேல் தொடங்கவில்லை? சொன்ன இடம் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மனதில் இருந்ததையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பமே கறுப்பு. நீங்கள் கான்வென்ட்டில் படித்தவர், நிறமானவர். எங்கள் அண்ணனின் நிறம் உங்களுக்கு வெட்கமாக இருந்ததோ என்று எனக்கு அன்றைக்கு நெஞ்சு வெந்துபோனது. அதனால்தான் அப்படி வாய் வந்தது.

இன்னொரு செய்தி. ராஜேஷ் ஜோலார்பேட்டை பக்கம் ஒரு முதியோர் இல்லம் பார்த்திருக்கிறார். சுத்தமான இடம்தான். மே கடைசியில் ஒரு கட்டில் காலியாகிறது. எபியிடம் சொன்னோம். "வடக்கு ஜன்னல் இருக்கா?" என்று மட்டும் கேட்டான். இல்லை என்றார் ராஜேஷ். "பரவால்ல" என்றான். அண்ணி, எபி எதற்கும் பரவால்ல என்று சொல்லி நான் கேட்டதில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

"அண்ணி வீட்டுக்கே போயேன்டா" என்றேன். "அவங்க கூப்புட்டா போலாம்" என்கிறான். நீங்களோ, தானாகப் போனவர் தானாக வரட்டும் என்கிறீர்கள். நடுவில் நான் தபால்காரி.

உடனே பதில் எழுதுங்கள்.

கிறிஸ்டினா


பாகாயம்
7 மே 2025

அண்ணிக்கு ஸ்தோத்திரம்.

என் கடிதம் கிடைத்ததா? போன் அடித்தேன், எடுக்கவில்லை. நிறத்தைப் பற்றி எழுதியது தப்பாக இருந்தால் என்னைத் திட்டியாவது ஒரு வரி எழுதுங்கள். மே கடைசி சனிக்கிழமை எபியைக் கொண்டுபோய் விடுவதாக இருக்கிறது.

கிறிஸ்டினா


பாகாயம்
12 மே

அண்ணிக்கு எபிநேசர் எழுதறது. நல்லா இருக்கீங்களா. நான் நல்லா இருக்கேன். கண்ணு மருந்து தீந்துச்சு, நிஷா வேற வாங்கிக் குடுத்துச்சு.

அக்கா எல்லாத்தையும் உங்களுக்கு எழுதிட்டேன்னு சொல்றாங்க. அதனால நான் புதுசா எழுத ஒண்ணும் இல்ல. மார்க் போட்டது போட்டதுதான். மூஞ்சில போடல.

ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். அண்ணன் என் லாட்ட திருப்பி அனுப்பிட்டா நான் அவர்கிட்ட பேசாம இருப்பேன். அவர் அதைக் கண்டுக்க மாட்டார். கொஞ்ச நாள் கழிச்சி அவரே டீ எடுத்துக்கினு மேல வருவார். ஜன்னல்கிட்ட நின்னு "இது சேந்துச்சாடா?"ன்னு கேப்பார். அதோட சரியாப் போய்டும். கிறிஸ்துமஸுக்கு அப்புறம் உங்க டீ படிக்கட்டோட நின்னுச்சு. சரி, இந்த லாட்டு திரும்பாதுன்னு கிளம்பிட்டேன். உங்க மேல வருத்தம் இல்ல.

ரூம யாருக்காவது குடுத்துடுங்க. ஜன்னல மட்டும் அடைக்க விடாதீங்க. கீழ ரெண்டு குரோட்டன்ஸ் தொட்டி என்னுது, அதுக்குத் தண்ணி ஜாஸ்தி ஊத்தாதீங்க.

ஹோம்ல டீ பெரிய டிரம்ல காச்சுவாங்களாம். அதனால டீத் துண்டு இனிமே எனக்குத் தேவைப்படாது. கவர்ல வச்சிருக்கேன். உங்ககிட்ட இருக்கட்டும்.

எபிநேசர்


ஆம்பூர்
19 மே 2025

அன்புள்ள கிறிஸ்டினாவுக்கு,

உன் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. பதில் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் கோபம் அல்ல. எழுத உட்கார்ந்தேன், வரவில்லை. கத்திரி வெயிலில் நீ வெளியே அலையாதே. உன் முழங்கால் தாங்காது.

நிறத்தைப் பற்றி எழுதியிருந்தாய். கடைசி எட்டு மாதம் டயாலிசிஸில் உன் அண்ணனின் நிறம் மாறிப்போனதை நீ பார்த்தாய். ஆனால் தினமும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அது உங்கள் குடும்பத்துக் கறுப்பு அல்ல. சாம்பல் மூடியதுபோல ஒரு கறுப்பு. அவர் கையைப் பிடித்தால் வேறு யாரோ ஒருவரின் கை போல இருக்கும். அடக்கத்துக்குப் படம் போட, கடைசியாக எடுத்த போட்டோ ஒன்றுதான் கையில் கிடைத்தது. பஜாரில் ஸ்டூடியோ வைத்திருக்கும் இஷ்தியாக் அகமதுவிடம், "அந்தக் கறுப்பை எடுத்துவிடுங்கள்" என்றேன். எந்தக் கறுப்பு என்று அவருக்கு எப்படித் தெரியும்? எல்லாவற்றையும் எடுத்துவிட்டார். பார்த்தவுடனே எனக்குத் தெரிந்தது. அதற்குள் பெட்டி வந்துவிட்டது, ஜனம் வந்துவிட்டது. நீயும் சொல்லிவிட்டாய். சொன்ன பிறகு அதை மாற்றினால் நீ சொன்னது சரி என்று ஆகிவிடும் என்று மாட்டியே வைத்தேன்.

வெட்கம் என்று எழுதினாய். என் அப்பா கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளை நிறம் கம்மி என்று தயங்கினார். "எனக்குப் பிடித்த நிறம்" என்று நான் சொன்னேன். இதை உன் அண்ணனுக்குக்கூட நான் சொன்னதில்லை.

போன வாரம் பீரோவைக் கிளறி ஒரு பழைய போட்டோவைக் கண்டுபிடித்தேன். ஷாப் வாசலில் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறார். ரொம்பவும் மங்கிப்போன படம். அதை எடுத்துக்கொண்டு இஷ்தியாக்கிடம் போனேன். கம்ப்யூட்டரில் பெரிதாக்கிவிட்டு, "எவ்ளோ டார்க் வைக்கலாம் மேடம்?" என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கண்ணை மூடினால் தெரிகிறது. திறந்தால் வார்த்தை இல்லை. கடைசியில் மூன்று விதமாகப் போட்டுக் கொடுத்திருக்கிறார். மூன்றும் மாடி அறையில் இருக்கின்றன.

கலையரசியிடம் அறை இல்லை என்று சொல்லிவிட்டேன். எதிர்வீட்டு மஹீனின் மாடிப் போர்ஷனைக் காட்டினேன். அவர்களுக்குப் பிடித்துப்போயிற்று. ஏசியும் இருக்கிறது.

அடக்கத்தன்று நீ சொன்னது சரி. இதை நீ குழுவில் எழுதிக்கொள்ளலாம்.

இதனுடன் உள்ள இன்னொரு கடிதம் எபிநேசர் தம்பிக்கு. ஒட்டியிருக்கிறேன். நீ முதலில் பிரிக்காதே. ராஜேஷிடம் அந்தக் கட்டிலுக்கு வேறு ஆள் பார்க்கச் சொல். கார் விஷயத்துக்கு என் வருத்தத்தையும் அவரிடம் சொல். நீயும் ஒருமுறை இங்கே வந்துவிட்டுப் போ. மாடி ஏற முடியாவிட்டால் கூடத்தில் இருக்கலாம்.

உன் சுகத்துக்காக ஜெபிக்கும்,
மெர்சி


ஆம்பூர்
19 மே 2025

அன்புள்ள எபிநேசர் தம்பிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கண் மருந்தை நிறுத்தாமல் போடவும். குரோட்டன்ஸ் இரண்டும் உயிரோடு இருக்கின்றன. தண்ணீர் ஜாஸ்தியாகத்தான் ஊற்றிவிட்டேன், ஒன்று இலை உதிர்த்துத் திரும்பத் துளிர்த்திருக்கிறது.

உங்களை நான் அனுப்பவில்லை என்று ஜனவரியில் கிறிஸ்டினாவுக்கு எழுதினேன். அது உண்மை. அதனால் அழைக்க வேண்டியதும் இல்லை என்று இருந்துவிட்டேன். இப்போது அழைக்கிறேன். வீட்டுக்கு வாருங்கள்.

மாடி அறையை யாருக்கும் கொடுக்கவில்லை. ஜன்னல் திறந்திருக்கிறது. அதன் கீழே அண்ணனின் படங்கள் மூன்றைச் சாய்த்து வைத்திருக்கிறேன். தினமும் காலையில் மேலே ஏறிப் பார்க்கிறேன். ஒன்று கொஞ்சம் சிவப்பு, ஒன்று கொஞ்சம் இருட்டு, மூன்றாவது என்னவென்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். சேராததன் பின்னால் மார்க் போடுங்கள். மூன்றும் சேரவில்லை என்றால் இஷ்தியாக் மறுபடியும் போட்டுத் தருவார். அவரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறேன். அவருக்கும் உங்களைப் பற்றித் தெரிந்திருக்கட்டும். பழைய படத்தைக் கூடத்திலிருந்து எடுத்து பீரோவுக்குள் வைத்துவிட்டேன். அந்த இடம் காலியாக இருக்கிறது.

படத்துக்காக மட்டும் அழைப்பதாக நினைக்க வேண்டாம். படம் இல்லாவிட்டாலும் அழைத்திருப்பேன். கொஞ்சம் தாமதமாகியிருக்கும்.

நீங்கள் அனுப்பிய டீத் துண்டு ஜன்னல் கட்டையில் இருக்கிறது. நேற்று டீ போட்டு எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சேரவில்லை. இத்தனை வருடமும் சேர்ந்ததாகத்தான் நினைத்திருந்தேன். நீங்கள் சொல்லாமல் குடித்திருக்கிறீர்கள். இனி டீ மேலே வரும், நானே கொண்டுவந்து கேட்பேன். மீன் குழம்பைப் பற்றி மட்டும் அபிப்பிராயம் வேண்டாம்.

கிறிஸ்டினாவுக்கு முழங்கால் வலி. அதனால் காட்பாடி ஸ்டேஷன் வரை ராஜேஷை வண்டியில் கொண்டுவந்து விடச் சொல்லுங்கள். அந்த வண்டியைப் பற்றி வழியில் ஒன்றும் பேசாதீர்கள். ஆம்பூர் ஸ்டேஷனுக்கு நான் வந்து நிற்பேன்.

என்றைக்கு, எந்த ரயிலில் வருகிறீர்கள் என்பதை உங்கள் கையால் எழுதி அனுப்புங்கள். போன் வேண்டாம். பதில் கடிதத்துக்குக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
மெர்சி அண்ணி